தண்ணீரின் ஓ–ஹெச் மேட்டுக்குள் எத்தனை காஸியன்? நாலு வருது, நம்பலாமா?

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 14, இரவு 10:52

வணக்கம். புதுச்சேரியில எம்.எஸ்சி. இயற்பியல் ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்ட்: திரவ நீரில் ஹைட்ரஜன் பிணைப்பை அதிர்வு நிறமாலை வழியாப் பார்க்கிறது. "தண்ணிதானே, சாம்பிள் குழாயிலயே வருமே"ன்னு எடுத்தேன். இப்ப தூக்கம் போச்சு. (கீழே இருக்கிற எண்ணெல்லாம் அலையெண், செ.மீ⁻¹.)

வைர ஏடிஆர் (துளியை வைரத்து மேல வெச்சு எடுக்கிற முறை) வெச்ச எஃப்டிஐஆர்ல (அகச்சிவப்பு, அதாவது ஐஆர், நிறமாலைக் கருவி) வாலைநீரை 10 டிகிரியிலிருந்து 70 வரைக்கும் பத்துப் பத்தா ஏழு வெப்பநிலையில எடுத்தேன். 3000–3800-ல வர்ற ஓ–ஹெச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நீளற அதிர்வு) மேட்டை வெட்டி, 25 புள்ளி ஸ்மூத் பண்ணி, நாலு காஸியன் (மணி வடிவ வளைவு) பொருத்தினேன். மையம் 3230, 3400, 3540, 3690. பொருத்தம் 0.9996 (1-னா முழுப் பொருத்தம்). சந்தோஷத்துல பெயரும் வெச்சுட்டேன்: 3230 நாலு பிணைப்பும் உள்ள பனிக்கட்டி மாதிரி நீர், 3400 மூணு, 3540 ரெண்டு, 3690 பிணைப்பே இல்லாத தனி ஓ–ஹெச். அத்தியாயத்துக்குத் தலைப்பு "நால்வகை நீர்".

இப்ப மூணு சிக்கல்.

ஒண்ணு, சூடு ஏற ஏற பிணைப்பு உடையணும், 3690 கூடிக்கிட்டே போகணும். எனக்கு 40 டிகிரியில குறையுது, 50-ல எகிறுது, 60-ல திரும்பக் குறையுது.

ரெண்டு, கைடு பார்த்துட்டு "ஏம்மா நாலு? அஞ்சு போட்டா என்ன?"ன்னு கேட்டார். போட்டேன். 0.9998 வருது.

மூணு, இன்னொரு இடத்துல ராமன் (லேசர் அடிச்சு, நிறம் மாறிச் சிதறி வர்ற ஒளியைப் பார்க்கிறது) எடுக்கப் போனேன். 785 நானோமீட்டர் லேசர். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தும் 3400 பக்கம் ஒண்ணுமே இல்ல, கட்டாந்தரை. அங்க இருந்தவர் "தண்ணிக்கு ராமன் வராது"ன்னு அனுப்பிட்டார். நிஜமா?

டிசம்பர் முதல் வாரம் வரைவு கொடுக்கணும்.

---

சிலிக்காஜெல்
நவம்பர் 14, இரவு 11:31

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன், அதுதான் சுலபம். தண்ணிக்கு ராமன் நல்லாவே வரும். பார்க்கிற கண்ணு அந்தக் கருவியில இல்ல, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 785 நானோமீட்டர்னா 12,739 அலையெண். அதுல 3400 கழிச்சா 9339. திருப்பி நானோமீட்டராக்கினா ஏறக்குறைய 1071. சிலிக்கான் சிசிடி (கருவியோட ஒளியுணரி) 1000 தாண்டினாலே கண்ணை மூடிக்கும், 1071-ல அது குருடு. அதே தண்ணிக்கு 532 பச்சை லேசர் போட்டா ஓ–ஹெச் மேடு 650 பக்கத்துல வந்து விழும். பச்சை உள்ள போய் சிவப்பா வெளிய வரும். கண்ணாடிக் குப்பியோடயே வைக்கலாம். 532 இருக்கிற இடமாத் தேடுங்க.

மத்த ரெண்டுக்கும் ஸ்மூத் பண்ணாத கோப்பு வேணும். வெட்டாம 4000-லிருந்து 1300 வரைக்கும், ஏழும். கூடவே தண்ணி வைக்காம வெறும் வைரத்தை எடுத்தது ஒண்ணு இருந்தா அதுவும். ஸ்மூத் பண்ணின கோப்பு என்னத்துக்கு ஆகும்? மேக்கப் போட்ட முகத்தைக் காட்டி டாக்டர்கிட்ட மருந்து கேக்கற கதை.

---

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 15, காலை 7:05

தம்பி இல்ல அண்ணா, தங்கச்சி :) கோப்பு எட்டும் இணைச்சிருக்கேன். வெறும் வைரம் சாயங்காலம் துடைச்சுட்டு எடுத்தது.

785 விஷயம் யாரும் சொல்லலையே! ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

---

சிலிக்காஜெல்
நவம்பர் 15, மதியம் 1:20

மன்னிச்சுக்கோங்க தங்கச்சி. சோத்தைப் போட்டு வெச்சுட்டு உங்க கோப்பைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

50 டிகிரி கோப்பைத் திறந்து 3600-க்கு மேல மட்டும் பெரிசாக்கிப் பாருங்க. மீன் முள் மாதிரி மெல்லிசாக் குத்துக் குத்தா நிக்குதா? இப்ப 1400–1900 பக்கம் போங்க. அங்கயும் அதே முள். திரவத்துல இவ்வளவு கூரான கோடு வரவே வராது. அது நீராவி. தனி மூலக்கூறு காத்துல சுழன்றுக்கிட்டே அதிர்றப்பதான் அப்படிக் கோடு கோடாப் பிரியும். வெறும் வைரத்துலயும் அதே முள் இருக்கு, தண்ணியே வைக்காம!

உங்க 25 புள்ளி ஸ்மூத் என்ன பண்ணிச்சுன்னா, முள்ளையெல்லாம் மழிச்சு ஒரு மொட்டை மேடாக்கிடுச்சு. மென்பொருள் அதுக்கு விசுவாசமா ஒரு காஸியன் போட்டுக் குடுத்துச்சு. நீங்க "பிணைப்பே இல்லாத தனி ஓ–ஹெச்"னு பேர் வெச்சீங்க. பேர் என்னவோ சரிதான், அது பிணைப்பில்லாத ஓ–ஹெச்தான். ஆனா துளியில இல்ல, அறைக்காத்துல இருக்கு. நவம்பர் மாச புதுச்சேரிக் காத்து.

ஒண்ணு கேக்கறேன். 40 எடுத்ததுக்கும் 50 எடுத்ததுக்கும் நடுவுல கரண்ட் போச்சா? பின்புலம் (சாம்பிள் வைக்காம ஒப்பீட்டுக்கு எடுக்கறது) ஒரே தடவைதான் காலையில எடுத்தீங்களா?

இந்த ஊர் ஈரம் ஆராய்ச்சிக்காரங்களைக் கவுக்கறது இன்னிக்கு நேத்து சங்கதி இல்ல. லெ ழான்டீன்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர். வெள்ளி கோள் சூரியனைக் கடக்கறதைப் பார்க்க 1761-ல புதுச்சேரிக்கு வந்தார். அதுக்குள்ள ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிருந்துச்சு, இறங்க முடியல. அடுத்த தடவைக்கு எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன்ல இங்கயே தொலைநோக்கி வெச்சு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து மூடிடுச்சு. அவரைக் கெடுத்ததும் தண்ணிதான். உங்களுக்கு ஒரு காஸியனோட போச்சேன்னு நினைச்சுக்கோங்க.

---

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 15, மாலை 6:44

அண்ணா, கரண்ட் போச்சு! 40 முடிச்சு டீ குடிக்கப் போனோம், வந்து பார்த்தா ஏசி நின்னு கிடக்கு, கதவைத் திறந்து போட்டிருந்தாங்க. பின்புலம் காலையில ஒண்ணே ஒண்ணுதான். அறை நோட்டுல நேரமே எழுதியிருக்கு, நான்தான் சேர்த்துப் பார்க்கல.

அப்ப "நால்வகை நீர்" மூவகை ஆயிடுச்சு. மீதி மூணாவது நிக்குமா?

---

கெடிலக்கரை
நவம்பர் 15, இரவு 9:10

அம்மா, வாழ்த்துகள். நான் கடலூரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். நீராவி விஷயத்தில் சிலிக்காஜெல் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதற்காக மற்றவற்றையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

தனி நீர் மூலக்கூறுக்கு மூன்று அதிர்வுகள்: 3657-ல் சமச்சீர் நீட்சி, 3756-ல் எதிர்ச்சீர் நீட்சி, 1595-ல் வளைவு. திரவமானதும் நீட்சி 3400-ஐச் சுற்றி இறங்கிப் பரந்துவிடுகிறது, வளைவு 1640-க்கு மேல் ஏறிவிடுகிறது. ஒன்று இறங்க மற்றது ஏன் ஏற வேண்டும்? வகுப்பில் நான் சொல்வது: ஹைட்ரஜன் ஒரு குழந்தை. ஒரு கையைத் தாய் (சொந்த ஆக்சிஜன்) பிடித்திருக்கிறாள், மறு கையைத் தாய்மாமன் (பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன்) இழுக்கிறார். இழுப்பு பலக்கப் பலக்கத் தாயின் பிடி தளரும், எனவே நீட்சி மெதுவாகும். ஆனால் இரு பக்கமும் பிடி இருப்பதால் குழந்தை பக்கவாட்டில் ஆடுவது கடினம், எனவே வளைவு விறைக்கும். மாமன் பிடி மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல், தாய்ப் பிடி 460 என்று வைத்துக்கொண்டால் வலுவின் ஒப்பீடு தெரியும்.

ஆகவே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு. ராமன் நிறமாலையில் நீருக்கு 3250 அருகே ஒரு புடைப்பு, 3450 அருகே இன்னொன்று என்று கண்ணுக்கே தெரிகிறது. சூடேற்றினால் முதலாவது தாழும், இரண்டாவது உயரும். நீர் இரு வகைகளின் கலவை என்று 1892-லேயே ராண்ட்கன் எழுதினார். எக்ஸ் கதிரைக் கண்டறிந்த அதே ராண்ட்கன்தான். 1960-களில் வால்ரஃபென் ராமன் கொண்டு அதற்கு வலுச் சேர்த்தார். வெவ்வேறு வெப்பநிலை வளைவுகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் எல்லாம் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. அது 'சமப்புள்ளி'. இரண்டு வகை ஒன்றுக்கொன்று மாறும்போது தோன்றும் அடையாளம் என்றுதான் பாடநூல் சொல்கிறது.

எனவே மூன்று வேண்டாம் என்றால் இரண்டு வைத்துக்கொள். அதற்குக் கீழே இறங்காதே.

---

ஃபெம்டோ
நவம்பர் 16, அதிகாலை 2:37

ஐயா, உங்க மாணவனா இருந்திருக்கக்கூடிய வயசுதான் எனக்கு, சொந்த ஊரும் திருப்பாப்புலியூர். தாய்மாமன் உதாரணத்தை இனி நானும் எடுத்துக்கறேன். ஆனா "கண்ணுக்கே ரெண்டு புடைப்பு தெரியுது, அதனால ரெண்டு வகை"ங்கறதுலதான் சறுக்கல்.

3250 புடைப்பு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. வளைவு 1640, அதோட இரட்டை 3280. நீட்சி மேட்டோட அடிவாரத்துலயே போய் உட்காருது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்கும், ஃபெர்மி ஒத்ததிர்வு. அது ஒரு பங்கு.

பெரிய பங்கு அக்கம்பக்கம். ஒரே உத்தரத்துல பத்து ஊஞ்சல், எல்லாம் ஒரே நீளம்னு வைங்க. ஒண்ணைத் தள்ளினா ஆட்டம் பக்கத்து ஊஞ்சலுக்குப் பரவும். கொஞ்ச நேரத்துல எது யாரோட ஆட்டம்னே தெரியாது. தூய நீர்ல ஒவ்வொரு ஓ–ஹெச்சும் அப்படித்தான். பக்கத்து மூலக்கூறுல இருக்கிறதும் அதே ஓ–ஹெச், அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட அதே. அதிர்வாற்றல் மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவறதை வவுட்டர்சனும் பாக்கரும் 1999-ல அளந்தே காட்டிட்டாங்க. ஆக 3250-ல நிக்கறது ஒரு தனி மூலக்கூறோட குரல் இல்ல, சேர்ந்து பாடற கோஷ்டி.

சோதிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. ராமன்ல ஒளிமுனைவுத் தகட்டை (ஒரே திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடறது) குறுக்கா திருப்புங்க. 3250 புடைப்பு பெரும்பாலும் படுத்துடும். "பனிக்கட்டி மாதிரி நீர்"னு ஒரு வகை குப்பிக்குள்ள இருந்துச்சுன்னா, வெளிய தகட்டைத் திருப்பினதும் அது எங்க போச்சு?

தங்கச்சிக்கு: ஏடிஆர் கோப்பை அப்படியே பொருத்தாதீங்க. 3400 பக்கம் தண்ணியோட உறிஞ்சல் பலமா இருக்கறதால ஒளிவிலகல் எண் அங்க ஏறி இறங்கும். ஏடிஆர்ல அது மேட்டையே குறைந்த அலையெண் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தைப் பருமனாக்கிடும். திருத்தம் போட்ட பிறகுதான் எதையும் அளக்கணும்.

---

முதுநகர்வாசி
நவம்பர் 16, காலை 9:15

சார், நடுவுல வர்றேன், கோச்சுக்காதீங்க. நமக்கு மோட்டார் ரிப்பேர் தொழில், இதெல்லாம் தெரியாது. போன மாசம் வீட்டுக்கு ஒருத்தர் வந்து தண்ணி மெஷின் காட்டினார். சாதாத் தண்ணியில மூலக்கூறு பெரிய பெரிய கொத்தா இருக்காம், மெஷின் அதைச் சின்னக் கொத்தா உடைக்குமாம், உடம்புல சீக்கிரம் சேருமாம். இதே மாதிரி மேடு மேடா ரெண்டு படம் காட்டினார், ஒண்ணு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. வீட்டுக்காரம்மா வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. உண்மையா?

---

ஃபெம்டோ
நவம்பர் 16, காலை 10:02

அண்ணே, வாங்காதீங்க.

தண்ணியில கொத்துன்னு எதுவும் நின்னு நிலைச்சு இருக்கறதில்ல. கோலாட்டம் பார்த்திருப்பீங்க. ஒரு தட்டுக்கு ஒரு ஜோடி, அடுத்த தட்டுக்கு வேற ஜோடி. ஹைட்ரஜன் பிணைப்பும் அப்படித்தான் ஆள் மாத்தும், மாத்தற வேகம் பைகோநொடிக் கணக்கு. ஒரு நொடியில ஒரு லட்சம் கோடி பைகோநொடி இருக்கு. மெஷின் குழாயிலிருந்து டம்ளருக்கு வர்றதுக்குள்ள எத்தனை தட்டு தட்டியிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

மேடு தள்ளி இருந்ததுக்குச் சூடு வித்தியாசமே போதும். திரும்ப வந்தா, "ரெண்டு தண்ணியும் எத்தனை டிகிரியில எடுத்தீங்க?"ன்னு மட்டும் கேளுங்க.

---

முதுநகர்வாசி
நவம்பர் 16, காலை 10:20

ரொம்ப நன்றி சார். வீட்டுக்காரம்மாகிட்ட கோலாட்டத்தையே சொல்லிடறேன்.

---

நெறியாளர்
நவம்பர் 16, காலை 11:00

தண்ணீர் மெஷின் பற்றித் தனி இழை இருக்கிறது, மேற்கொண்டு அங்கே. இங்கே நிறமாலை மட்டும்.

---

கெடிலக்கரை
நவம்பர் 16, இரவு 8:25

ஃபெம்டோ, தகடு திருப்பும் வாதம் நன்று. ஆனால் இரு வகைகளுக்கு இரு வேறு முனைவுத் தன்மை இருக்கலாமே? எனவே அது முடிவான சாட்சி ஆகாது. சமப்புள்ளிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏழு வளைவுகள் ஒரே புள்ளியில் கூடுவது தற்செயலா? அமில-கார நிறங்காட்டியில் அதே சமப்புள்ளியைக் காட்டித்தான் இரு வகை என்று நாற்பது தொகுதி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

---

ஃபெம்டோ
நவம்பர் 17, அதிகாலை 1:50

நிறங்காட்டியில நிஜமாவே ரெண்டு வகை இருக்கு ஐயா, அங்க நீங்க சொன்னது சரி. ரெண்டு வகை இருந்தா சமப்புள்ளி வரும். சமப்புள்ளி வந்தா ரெண்டு வகைதான் இருந்தாகணும்னு அதைத் திருப்பிப் போட முடியாது.

ஏற்றம் இறைச்சதைப் பார்த்திருப்பீங்க. நீள மரம் ஒண்ணுதான். ஒரு முனை இறங்க மறு முனை ஏறும், நடுவுல அச்சு மட்டும் அசையாது. அச்சு அசையலைங்கறதுக்காக மரம் ரெண்டு துண்டுன்னு சொல்வோமா? தண்ணியிலயும் பலமான பிணைப்பிலிருந்து பலவீனமான பிணைப்பு வரைக்கும் இடைவெளியே இல்லாத ஒரே வரிசை. குளிர்ந்தா ஒரு பக்கம் எடை கூடும், சூடானா மறுபக்கம். எந்த அதிர்வெண்ல நிக்கற மூலக்கூறுகளோட சராசரி ஆற்றல் மொத்தச் சராசரிக்குச் சமமா இருக்கோ, அந்த இடத்துல எடை மாறாது. வளைவுகள் அங்கதான் வெட்டிக்கும். 2005-ல கைஸ்லர் இதைக் கணக்காவே போட்டுக் காட்டினார்.

அதுக்காக ரெண்டு திரவம்ங்கற எண்ணமே செத்துப் போச்சுன்னு நான் சொல்லல. உறைநிலைக்கு ரொம்பக் கீழ, உறையாம வெச்ச தண்ணியில அடர்த்தி கூடினது ஒண்ணு, குறைஞ்சது ஒண்ணுன்னு ரெண்டு திரவம் பிரியும்னு 1992-லிருந்து ஒரு கோட்பாடு இருக்கு, அதுக்கு ஆதரவான சோதனைகளும் வந்திருக்கு. அது வேற ஊர் வெப்பநிலை. தங்கச்சி எடுத்தது 10-லிருந்து 70.

இன்னொரு பொறியும் இருக்கு. ஐஆர் மேட்டோட பரப்பு ஆள் கணக்கு இல்ல. பிணைப்பு பலமானா ஓ–ஹெச் நீட்சியோட இருமுனை மாற்றமும், அதாவது ஐஆர் ஒளியை உறிஞ்சற திறனும், பல மடங்கு கூடும். சபையில நாலு பேர் உரக்கப் பேசினா நாற்பது பேர் பேசற மாதிரி கேக்கும் இல்லையா, அப்படி. ஐஆர் பலமான பிணைப்புகளைத் தூக்கிக் காட்டும், பலவீனமானதை அமுக்கிடும். ராமன்ல இந்தச் சாய்வு ரொம்பக் குறைவு. அதனாலதான் ஒரே தண்ணிக்கு ராமன் மேடு கொஞ்சம் உயர்ந்த அலையெண் பக்கம் நிக்குது. "3230-ஓட பரப்பு 38 சதவீதம், அதனால 38 சதவீத மூலக்கூறு நாலு பிணைப்போட இருக்கு"ன்னு வரைவுல ஒரு வரி இருந்தா இன்னிக்கே அழிச்சுடுங்க.

---

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 17, காலை 6:58

இருக்கு அண்ணா, சதவீதத்தோட ஒரு வண்ண வட்டப்படமும் இருக்கு :( அழிச்சுட்டேன்.

அப்ப எதைத்தான் அளக்கறது? மேட்டுல மூலக்கூறு தனித்தனியாப் பேசாதுன்னா பிணைப்பு வலுவை எப்படிப் படிக்கறது?

---

ஃபெம்டோ
நவம்பர் 17, காலை 8:12

ஊஞ்சல் நீளத்தை மாத்திடுங்க. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், நிறை ரெண்டு மடங்கு. ஓ–டி நீட்சி 2500-க்கு இறங்கிடும். கனநீர்ல, அதாவது ஹைட்ரஜனெல்லாம் டியூட்டீரியமா இருக்கிற தண்ணியில, கொஞ்சூண்டு சாதா நீர் கலந்தா ஹெச்–ஓ–டி உண்டாகும். அதுல இருக்கிற ஒத்தை ஓ–ஹெச்சைச் சுத்தி எல்லாம் ஓ–டி ஊஞ்சல், நீளம் வேற. ஆட்டம் பரவ வழியில்ல. ஹெச்–ஓ–டியோட வளைவு 1450, இரட்டிச்சாலும் 2900-தான். ஃபெர்மி தொல்லையும் போச்சு.

அப்பறம் அந்த ஓ–ஹெச் தன் பக்கத்து ஆக்சிஜன் எவ்வளவு நெருங்கி நிக்குதுன்னு தன் அதிர்வெண்ணால தானே சொல்லும். பெரிய லேப்ல எல்லாம் இதே சாம்பிள்தான். 2003-ல டோக்மகாஃப் குழு ஃபெம்டோநொடி (பைகோநொடியில ஆயிரத்துல ஒரு பங்கு) ஐஆர் துடிப்பு வெச்சு பிணைப்பு நெளியறதை நேரடியாத் தொடர்ந்தது கனநீர்ல இருந்த ஹெச்–ஓ–டியிலதான். தூய நீர்ல எழுப்பின ஓ–ஹெச் அதிர்வு 200 ஃபெம்டோநொடியிலயே அடங்கிடும். கனநீர்ல 700 வரைக்கும் தாக்குப் பிடிக்கும், பார்க்க அவகாசம் கிடைக்கும்.

---

சிலிக்காஜெல்
நவம்பர் 17, மாலை 5:40

கனநீருக்கு எங்கயும் அலைய வேண்டாம். வேதியியல் துறை என்எம்ஆர் அறையில சிறு குப்பியா வெச்சிருப்பாங்க, கைடு கடிதம் குடுத்தா ரெண்டு மில்லி தருவாங்க. (ஒரு காலத்துல நம்ம தூத்துக்குடியிலேயே கனநீர் ஆலை இருந்துச்சு.)

100 பங்குல 5 பங்கு சாதா நீர் போதும். கலந்ததும் ஹைட்ரஜன் தானாப் பங்கு போட்டுக்கும்: ஹெச்–ஓ–டி 9.5 சதவீதம், முழுச் சாதா நீர் வெறும் 0.25. எங்க லேப்புக்கு வந்த ஒருத்தர் பாதிக்குப் பாதி கலந்துட்டு "ரெண்டு புடைப்பும் அப்படியே இருக்கே"ன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சார்.

வைரத்துல எடுக்காதீங்க. 3400-ல ஒளி வைரத்துலேருந்து தண்ணிக்குள்ள போற ஆழம் அரை மைக்ரோமீட்டர் கூட வராது, 5 சதவீதம்னா மேடே தேறாது. ரெண்டு கால்சியம் ஃபுளோரைடு சன்னல், நடுவுல 25 மைக்ரோமீட்டர் டெஃப்லான் வளையம். அந்தத் தடிமனுக்குத் தூய நீரைப் போட்டா ஒளி ஒரு சொட்டுக்கூட வெளிய வராது, மேடு உச்சியில தட்டையாயிடும். 5 சதவீதத்துக்கு அளவாயிருக்கும். கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) சன்னலை மட்டும் எடுத்துடாதீங்க, தண்ணியில உப்பு மாதிரி கரையும். உப்பேதான் அது.

குப்பி மூடியைத் திறந்தே வைக்காதீங்க. கனநீர் காத்துல இருக்கிற ஈரத்தோட ஹைட்ரஜனை மாத்திக்கிட்டே இருக்கும். பின்புலம் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதுசா எடுங்க. ஸ்மூத் பொத்தானைத் தொடக்கூடாது.

---

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 22, இரவு 11:15

என்எம்ஆர் அறையில 3 மில்லியே குடுத்தாங்க. முதல் தடவை சொதப்பிட்டேன். சன்னலுக்கு நடுவுல காத்துக்குமிழி வந்துக்கிட்டே இருந்துச்சு. அதைச் சரி பண்ற மும்முரத்துல குப்பியை மூட மறந்துட்டேன், முக்கால் மணி நேரம். வெளிய விடாத மழை. அப்பறம் பார்த்தா சாதா நீரே சேர்க்காத கனநீர்ல 3400-ல மேடு, 1450-லயும் ஒண்ணு. ஊர் மழை உள்ள வந்துடுச்சு. மீதி ஒன்றரை மில்லி இருக்கு, திங்கட்கிழமை.

---

கெடிலக்கரை
நவம்பர் 23, காலை 6:30

அந்தக் கெட்டுப்போன கோப்பை அழித்துவிடாதே அம்மா. 1450-ஐப் பார்த்தே மாசு நுழைந்ததைக் கண்டுகொண்டாய் அல்லவா, அதைப் பின்னிணைப்பில் போடு. தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

ஃபெம்டோவுக்கு: ஏற்றம் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். பேரனை வைத்துக் கணினியில் ஒரே ஒரு மேட்டை எடுத்து, ஆற்றலுக்கு ஏற்ப எடையை மாற்றி ஏழு வெப்பநிலைக்கு வரைந்து பார்த்தோம். வெட்டிக்கொள்கின்றன. ஊசி முனை போல ஒரே புள்ளி அல்ல, ஆனால் காகிதத்தில் வரைந்தால் ஒரே புள்ளி என்றுதான் நானும் எழுதியிருப்பேன். ராண்ட்கனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சமப்புள்ளியை விட்டுவிட்டேன்.

---

அரியாங்குப்பம்_ஆறு
நவம்பர் 27, இரவு 9:48

வந்துடுச்சு!

ஏழு வெப்பநிலையும் முடிச்சாச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனிப் பின்புலம், ஸ்மூத் இல்ல. கனநீர்ல ஓ–ஹெச்: ஒரே மேடு. உச்சி 3400 பக்கத்துலதான், பாதி உயரத்துல அகலம் சுமார் 250. 3230-ல எதுவும் இல்ல, வழுவழுன்னு இறங்குது. உயர்ந்த அலையெண் பக்கம் மட்டும் லேசா ஒரு தோள். சூடு ஏற ஏற உச்சி அந்தப் பக்கமா நகருது, ஏழும் வரிசையா, ஒண்ணு கூட எகிறல. 50 எடுக்கறப்ப மறுபடி கரண்ட் போச்சு, அந்த அளவை ரத்து பண்ணிட்டு ஏசி வந்து ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப எடுத்தேன்.

கைடுகிட்ட பழைய நாலு காஸியன் படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு "அந்த 3230 எங்கம்மா?"ன்னார். ஊஞ்சல் சொன்னேன். "அந்தத் தோள் தனி ஓ–ஹெச்சா?"ன்னார். இல்ல சார், தனியாத் தொங்கற ஓ–ஹெச் 3700-ல கூராத் தெரியறது நீரோட மேற்பரப்புல, உள்ள இருக்கறது பிணைப்பு நெளிஞ்சு பலம் குறைஞ்ச நிலை, அப்படியே நிலையா நிக்காது, நொடியில வேற ஆளைப் பிடிச்சுக்கும்னு சொன்னேன். "நொடியிலயா?"ன்னார். பைகோநொடியிலன்னு திருத்தினேன்.

தலைப்பு மாத்தியாச்சு: "கனநீரில் கரைத்த ஹெச்–ஓ–டியின் ஓ–ஹெச் நீட்சி: 10–70 டிகிரி". நால்வகை நீர்ங்கற பேர் அழகா இருந்துச்சு, கொஞ்சம் வருத்தம்தான். பழைய படத்தை நீராவிக் கோட்டோட பின்னிணைப்புல போட்டிருக்கேன், கெடிலக்கரை ஐயா சொன்ன மாதிரி 1450 படமும் அங்கதான்.

532 லேசர் ராமனுக்கு ஒரு இடத்துல டிசம்பர் 9-க்கு நேரம் குடுத்திருக்காங்க. தகட்டைத் திருப்பிப் பார்க்கணும்.

---

சிலிக்காஜெல்
நவம்பர் 28, காலை 7:20

அருமை தங்கச்சி. சன்னலை எத்தனால் போட்டுத் துடைச்சு டெசிகேட்டர்ல வெச்சீங்களா? அதுக்குள்ள இருக்கிற சிலிக்கா ஜெல் நீலமா இருக்கா, ரோஸ் ஆயிடுச்சான்னு பாருங்க. ரோஸ்னா இன்னிக்கே 110 டிகிரி அவன்ல போட்டு வறுத்துடுங்க. அடுத்த காத்தழுத்தம் கிளம்பியிருக்குன்னு நியூஸ்ல சொல்றான்.